கெர்ஸ் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகும் முன்

போன சனிக்கிழமை கிளாஸ்கோவில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே நின்றிருந்தேன். தெரிந்த தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். சிவப்புக் கட்டத்துக்குள் ‘2,270 கோடி பவுண்டு’ என்று ஒரு எண், அதன் கீழே ‘ஸ்காட்லாந்து திவால்’ என்று கொட்டை எழுத்து. “அண்ணா, நீங்க கணக்கு ஆளு. இது உண்மையா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர், “அதெல்லாம் லண்டன்காரன் எழுதுற பொய்க் கணக்கு, விடுப்பா” என்றார். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

படம் சொன்னதும் தவறு, பக்கத்தில் நின்றவர் சொன்னதும் தவறு. இதே சண்டையை எத்தனை முறைதான் விலக்கிவிடுவது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொது அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒரு நகரசபை குப்பை வண்டிக்கு டீசல் போட்ட பில்லுக்கே மூன்று கையெழுத்து கேட்போம். ஒரு நாடு தனியாகப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் எண்ணை மட்டும் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கிறோம். நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்ட 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பில் இங்கே முறையாகக் குடியிருந்த இந்திய, இலங்கைக் குடிமக்களும் காமன்வெல்த் நாட்டவர் என்ற தகுதியில் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7 சதவீதம். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. மறுபடி வந்தால் நம் கையிலும் சீட்டு இருக்கும்.

முதலில் அந்த எண். அது ஸ்காட்லாந்தின் ஓராண்டுப் பற்றாக்குறை, அதாவது அரசு வரவைவிடச் செலவு எவ்வளவு கூடுதல் என்பது. ‘கெர்ஸ்’ எனப்படும் ஸ்காட்லாந்தின் வருடாந்தர வரவு செலவு மதிப்பீட்டில் இருந்து எடுத்தது. தம்பி காட்டியது 2023-24 நிதியாண்டுக்கு உரியது, 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. வட கடல் எண்ணெயில் ஸ்காட்லாந்தின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 10.4 சதவீதம், முழு பிரிட்டனுக்கு 4.5 சதவீதம் என்றது அந்த வெளியீடு. படத்தில் இந்த விவரம் ஒன்றுகூட இல்லை. பழைய ஆண்டுகளின் எண்கள் ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் திருத்தப்படும் என்பதும் இல்லை.

‘லண்டன்காரன் எழுதுவது’ என்ற பேச்சு என்னை ரொம்பவே சோர்வடையச் செய்கிறது. கெர்ஸைத் தயாரிப்பவர்கள் ஸ்காட்லாந்து அரசின் சொந்தப் புள்ளியியல் அதிகாரிகள். 2007 முதல் சுதந்திரம் கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் அரசுதான் வருடாவருடம் அதை வெளியிடுகிறது. சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. 1992-ல் கன்சர்வேடிவ் அரசு இதைத் தொடங்கியபோது எதிர்க்கட்சிகளை மடக்கும் அரசியல் நோக்கமும் இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் முறை மாறியிருக்கிறது, செய்பவர்கள் மாறியிருக்கிறார்கள், எந்த வரியை எப்படிப் பிரித்தோம் என்று பக்கம் பக்கமாக விளக்கமும் போடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, மதிப்புக் கூட்டு வரியைப் பிரித்த விதம் சரியில்லை என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாம். ‘பொய்க் கணக்கு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளினால் என்ன பேசுவது?

அடுத்து ‘திவால்’ பக்கம். கெர்ஸ், ஸ்காட்லாந்து பிரிட்டனுக்குள் இருக்கும் இன்றைய ஏற்பாட்டின் கணக்கு. ராணுவச் செலவு, பழைய கடனுக்கான வட்டி போன்றவை மக்கள்தொகை விகிதத்தில் ஸ்காட்லாந்தின் பெயரில் எழுதப்படுகின்றன. தனி நாடானால் கடனில் எவ்வளவு ஏற்பது, ராணுவத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்த வரியைக் கூட்டுவது என்பதெல்லாம் பேச்சுவார்த்தையிலும் புதிய அரசின் முடிவிலும்தான் தெரியும். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒருவரின் பங்குச் செலவைப் பார்த்து, தனிக்குடித்தனம் போனால் அவர் கடையில் என்ன வாங்குவார் என்று எப்படிச் சொல்வது? அதற்காக அந்தப் பங்கு அவ்வளவு பெரிதாக ஏன் இருக்கிறது என்ற கேள்வி மறைந்துவிடாது. தனிக்குடித்தனத்தின் முதல் மாதம் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒன்றை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. 2011-12 கெர்ஸில் ஸ்காட்லாந்தின் பற்றாக்குறை 5.0 சதவீதம், பிரிட்டனுடையது 7.9 சதவீதம். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. அப்போது சுதந்திரம் கேட்டவர்கள் இதே கெர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிட்டனைவிட நம் நிலை தலைக்கு 824 பவுண்டு மேல் என்று மேடை மேடையாகப் பேசினார்கள். எதிர்ப்பவர்கள் அப்போது அதே கெர்ஸில் ஓட்டை தேடினார்கள். இன்று இடம் மாறி நிற்கிறார்கள்.

சரி, இதையெல்லாம் கேட்டுச் சலிக்க வேண்டிய இடம் நாடாளுமன்றக் குழு. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றமான ஹோலிரூட்டுக்கு மேலவை கிடையாது. அதனால் அரசை உலுக்கிக் கேட்கும் வேலை முழுக்கக் குழுக்களின் தலையில்தான். நான் அடிக்கடி பார்வையாளர் வரிசையில் போய் உட்காருவேன். ஒரு அமர்வில், ஒரு உறுப்பினர் ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அமைச்சர் ஒவ்வொரு முறையும் நீளமாகப் பேசினார். பக்கத்தில் இருந்த அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார், மஞ்சள் ஒட்டுத்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடைசியில், “எழுத்து மூலம் அனுப்புகிறோம்” என்று முடிந்தது. அந்த மூன்று வார்த்தை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எண் கையில் இல்லை என்பதற்கு அது அடையாளம். அப்புறம் வரும் கடிதம் வெளியாகிறதா என்று பாருங்கள். உண்மையான பதில் பெரும்பாலும் அதன் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.

தனி நாடானால் என்ன செய்வோம் என்று ஸ்காட்லாந்து அரசு 2013 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 670 பக்கம், 650 கேள்வி பதில். பெரிய உழைப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் பீப்பாய் எண்ணெய்க்கு 113 டாலர் என்று வைத்து, 2016-17-ல் எண்ணெய் வருவாய் 680 முதல் 790 கோடி பவுண்டு வரும் என்றது. 2015 ஜனவரியில் விலை 50 டாலருக்கும் கீழே. 2016-17-க்கு கெர்ஸில் வந்து விழுந்த எண் ஏறக்குறைய 21 கோடி. நன்றாகப் படியுங்கள், 21 கோடி. விலையை முன்கூட்டி யாரும் சரியாகச் சொல்ல முடியாது, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விலை பாதியானால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற அட்டவணை அதில் இருந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் மோசமான நிலைக்கு ஒரு பத்தி போடாத பட்ஜெட்டைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவோம். இதைக் கேட்டு மறுதரப்பு மகிழ வேண்டாம். 2022-23-ல் அதே எண்ணெய் 940 கோடி பவுண்டு தந்தது.

அதே அறிக்கையின் குழந்தைப் பராமரிப்பு வாக்குறுதியும் அப்படித்தான். பெண்கள் வேலைக்குப் போவது சுவீடன் அளவுக்கு, அதாவது ஆறு சதவீதப் புள்ளி உயர்ந்தால் வருடம் 70 கோடி பவுண்டு வரி கூடும் என்றார்கள். நாடாளுமன்றத்தின் சொந்த ஆய்வுப் பிரிவு எண்ணிப் பார்த்தபோது, அந்தக் கணக்கு நிறைவேறும் அளவுக்கு வேலைக்குப் போகாமல் இருக்கும் சிறு குழந்தைகளின் தாய்மார்களே இல்லை என்று தெரிந்தது. நல்ல திட்டம், தவறான எண்.

நாணயம் பற்றி அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2014 பிப்ரவரி 13 அன்று அன்றைய பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து, தனி நாடானால் பவுண்டைப் பங்குபோட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும், பவுண்டைப் பங்குபோடுவோம் என்ற ஸ்காட்லாந்து அரசின் நிலைப்பாடு மாறவில்லை. அதுவும் வாக்காளர்களை யோசிக்க வைத்தது.

லண்டன் பக்கமும் சுத்தமில்லை. 2014 மே மாதத்தில் பிரிட்டன் நிதித்துறை, புதிய நாட்டை நிறுவ 270 கோடி பவுண்டு ஆகும் என்ற எண்ணைக் கொடுத்தது. எப்படி வந்தது? ஒரு துறையை அமைக்க 1.5 கோடி, 180 துறை, பெருக்கு. அந்த 1.5 கோடி யாருடைய ஆய்வு என்று காட்டினார்களோ அந்த லண்டன் பொருளாதாரப் பள்ளிப் பேராசிரியர் பேட்ரிக் டன்லேவியே, என் ஆய்வைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று எழுதினார். தொடக்கச் செலவு 15 முதல் 20 கோடி என்பது அவர் பிறகு கொடுத்த மதிப்பீடு. ஒரு மாணவன் இப்படிப் பெருக்கிக் கொண்டுவந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுப்போம். ஒரு பெரிய அரசு கொடுத்தது, தொலைக்காட்சி ஓட்டியது.

சுதந்திரம் பற்றி ஸ்காட்லாந்து அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட ‘வலுவான பொருளாதாரம்’ ஆவணத்தையும் படித்தேன். முதலில் பவுண்டு, சூழ்நிலை அமைந்ததும் ஸ்காட்டிஷ் பவுண்டு, தனி மத்திய வங்கி, பத்தாண்டில் 2,000 கோடி பவுண்டு வரையிலான கட்டுமான நிதி. படிக்கத் தெம்பாக இருக்கிறது. முதல் ஆண்டில் பற்றாக்குறை எவ்வளவு, அதை எத்தனை வருடத்தில் எப்படிக் குறைப்பது என்ற அட்டவணையைத் தேடினேன். இல்லை. அடுத்த மாதமே, வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற ஹோலிரூட்டுக்கு அதிகாரம் இல்லை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்னது, பேச்சு முழுக்க அதிகாரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அட்டவணையைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கும் குரல் குறைந்துபோனது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். சுதந்திரம் வேண்டும் என்பவர்தான் அந்த எண்ணை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இனிமேல் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஆண்டு போடாத எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள். எண்ணெயைச் சேர்த்ததா சேர்க்காததா என்று கேளுங்கள். ‘குழு ஏற்றுக்கொண்டது’, ‘குழு நிராகரித்தது’ என்ற தலைப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். குழுவில் கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்கு ஏற்ப இடம். 2011-ல் ஹோலிரூட்டின் 129 இடங்களில் 69 பிடித்த ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கே அன்றைய குழுக்களிலும் பெரும்பான்மை இருந்தது. முடிவுரை பல நேரம் கட்சி வாரியாகப் பிரிந்துபோகும், கூடவே மாற்றுக் கருத்தும் பதிவாகும். சாட்சியம் அப்படிப் பிரியாது, சொன்னது சொன்னபடி இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதைப் படியுங்கள். முழுதும் வேண்டாம், அமைச்சர் வந்த ஒரே ஒரு அமர்வு போதும். வீட்டில் 16 வயதுப் பிள்ளை இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். 2014-ல் அந்த வயதிலேயே வாக்கு இருந்தது.

ஸ்காட்லாந்தில் ஒவ்வொருவருக்கும் எட்டு உறுப்பினர்கள் உண்டு, தொகுதிக்கு ஒருவர், மண்டலத்துக்கு ஏழு பேர். எட்டு பேருக்கும் ஒரே கடிதம் எழுதலாம். முதலாண்டுப் பற்றாக்குறை என்ன, எந்த நாணயத்தில் கடன் வாங்குவீர்கள், எண்ணெய் விலை பாதியானால் எதை வெட்டுவீர்கள் என்று மூன்று வரி போதும். பிரிவினையை எதிர்ப்பவர்களுக்கும் கேள்வி இருக்கிறது: இன்றைய ஏற்பாட்டிலேயே இந்தப் பற்றாக்குறை எப்படிக் குறையும்?

நேற்று இரவு அந்தத் தம்பி அழைத்தார். பழைய படத்தை அழித்துவிட்டாராம். குழு அமர்வின் பதிவு ஒன்றைத் திறந்து பாதி படித்திருக்கிறார். “அண்ணா, இதுல அமைச்சர் ‘எழுத்து மூலம் அனுப்புகிறோம்’னு சொல்லியிருக்கார். அந்தக் கடிதம் எங்க இருக்கு?” என்று கேட்டார். அந்த அமர்வின் பக்கத்திலேயே கீழே தேடச் சொன்னேன். இரண்டு பேரும் தொலைபேசியை வைக்காமலேயே தேடிக்கொண்டிருந்தோம்.