டெட்ராபாட் நாற்காலி அல்ல

மழைக்காலத்தில் மும்பையின் கடலோரச் சாலையான மரைன் டிரைவ் போகிறவர்களுக்கான துண்டறிக்கை ஒன்றின் தமிழ்ப் படி, மாட்டுங்காவில் என் கைக்கு வந்தது. "கடலோர நாற்காலிகளில் உட்காராதீர்கள்." நாற்காலியில் உட்காராமல் வேறென்ன செய்வதாம்? இந்தச் சொல்லைப் பார்ப்பது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சொல்ல வந்தது டெட்ராபாட். அலையைத் தாங்கக் கரையோரம் குவித்துப் போட்டிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டி. கிரேக்கத்தில் டெட்ரா நான்கு, பௌஸ் பாதம். 1950-இல் பிரான்சில் கிரெநோபிளில் உருவாக்கி, மொராக்கோவின் காசாபிளாங்காவில் ஓர் அனல்மின் நிலையத்துக்காக முதலில் போட்டார்கள்.

"நான்கு கால் உள்ளது நாற்காலி. கிரேக்கத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறதே?" என்கிறார் மொழிபெயர்க்கும் நண்பர். கேமரா தாங்கியை முக்காலி என்கிறோமே என்று உபவாதம் வேறு. சரி, அது மூன்று காலையும் ஊன்றி நிற்கிறது, முக்காலிதான். டெட்ராபாட் நான்கையும் ஊன்றவே ஊன்றாது. கடலோரக் கட்டுமானப் பொறியாளரான பக்கத்து வீட்டு அண்ணன், ஊறவைத்த பட்டாணியில் நான்கு தீக்குச்சிகளைச் செருகி மேசையில் உருட்டிக் காட்டினார். எத்தனை முறை உருட்டினாலும் மூன்று கீழே, ஒன்று மேலே. கரையில் இந்தக் கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் அலை இழுத்தாலும் கட்டி எளிதில் நகராது. வழவழப்பான சுவரில் மோதும் அலை பெரும்பாலும் அப்படியே திரும்பிப் பாயும். இங்கே இடுக்கு இடுக்காகப் புகுந்து சிதறி ஓய்ந்துபோகும். அந்த இடுக்கில்தான் ஆளும் வழுக்கி விழுந்து மாட்டிக்கொள்கிறான். அதைச் சொல்லத்தானே துண்டறிக்கை!

எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்பது நமக்குப் புதிதா? வெறுங்காலில் நெருஞ்சி மிதித்தவரைக் கேளுங்கள். அதனால் டெட்ராபாடை நெருஞ்சிக்கல் என்று சொல்லலாம் என்கிறேன். ஹாலோ பிளாக்கையே கல் என்கிற ஊரில், கான்கிரீட் எப்படிக் கல்லாகும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பிடிக்காவிட்டால் டெட்ராபாட் என்றே இருக்கட்டும், தாராவிப் பையன்களுக்கு அது நன்றாகவே புரிகிறது. எனக்குத் தூய தமிழ் வேண்டும்தான், ஆனால் ஆளைக் கடலில் தள்ளும் தமிழ் வேண்டாம்.

நீரின் ஓட்டத்தையும் விசையையும் பற்றிய ஹைட்ராலிக்ஸ், மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிய ஹைட்ராலஜி இரண்டுக்கும் நீரியல் என்று எழுதிவிட்டுத் தூங்கப்போகிறவர்களும் இந்த மொழிபெயர்ப்பாளர்கள்தான். அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறினால் சர்ச்கேட், இறங்கி நடந்தால் கடல்.

நாற்காலி வேண்டாம் என்று காரணத்தோடு எழுதி அனுப்பினேன். நேற்று திருத்திய படி வந்தது: "கடலோர இருக்கைகளில் உட்காராதீர்கள்."