தேற்றாங்கொட்டையோடு நின்றுவிடாதீர்கள்

இந்த மாரியில் திருகோணமலையின் மூதூர்ப் பக்கம் நான் இப்படிப் பார்த்த மூன்றாவது வீடு அது. வெள்ளம் வடிந்து நான்கு நாளாகியும் கிணற்று நீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. குசினியிலிருந்த மண்குடத்து நீரோ அடி தெரியுமளவுக்குத் தெளிந்திருந்தது. குடத்தின் உட்புறத்தில், கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்து விதையான தேற்றாங்கொட்டையை உரைத்த வெண்தடம் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளறையில் மூன்று வயதுப் பிள்ளை வயிற்றோட்டத்தால் சுருண்டு படுத்திருந்தது. “அம்மம்மா காலத்து முறை சேர், இதிலே கிருமி இருக்காது” என்றார் தாய்.

கிருமி இருக்கும். தேற்றாங்கொட்டை சேற்றைத் திரட்டிக் கீழே படியவைக்கிறது. அதோடு கிருமிகளில் ஒரு பகுதியும் படிகிறது, மீதி நீரிலேயே நிற்கிறது. படிந்ததும் செத்துவிடுவதில்லை, செம்பை விட்டு அள்ளும்போது மீண்டும் மேலே வருகிறது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே நீளமுள்ள பற்றீரியா, கண்ணாடி போன்ற நீரிலும் உங்கள் கண்ணுக்குப் படாது. வெள்ளம் மலசலகூடக் குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிட்டுப் போயிருக்கிறது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நான் தேற்றாங்கொட்டைக்கு எதிரியல்லன். கலங்கிய மனம் தெளிவதற்குக் கலித்தொகை உவமையாக எடுத்ததே அதனால் தெளிந்த நீரைத்தான். கலங்கல் நீரில் குளோரின் சேற்றோடு சேர்ந்து வீணாகிவிடும் என்பதால், முதலில் தெளியவைப்பது இன்றைக்கும் நல்ல வேலை. ஆனால் பாரம்பரியம் பேசுவோர் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை நீரைக் காய்ச்சுவதையும் வெயிலில் சூடாக்குவதையும் ஓரிடத்தில் சொல்லி, கலங்கலுக்குத் தேற்றாவிதையை வேறாகச் சொல்கிறது. காய்ச்சச் சொன்னதும் நம் முன்னோர்தானே?

வெள்ளம் பட்ட கிணற்றை இறைத்துக் குளோரின் இடாமல் குடிக்காதீர்கள். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார், அயல்வீட்டார் சொல்லும் கரண்டிக் கணக்கு வேண்டாம். (குளோரின் மணக்கிறது என்று எங்களைத் திட்டலாம், பழகிவிட்டது.) அதுவரை, தெளிந்த நீரை அடி கலங்காமல் வேறு பாத்திரத்தில் வடித்து, கொப்புளித்துக் கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு, மூடி ஆறவையுங்கள். கொதித்தாறிய நீரைத் தயவுசெய்து பழைய குடத்திலேயே ஊற்றாதீர்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால், நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஜீவனியைக் கொடுத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த வீட்டில் ஜீவனியையும் அதே குடத்து நீரில்தான் கரைத்து வைத்திருந்தார்கள்.