குறைச்சு வெச்சா ராக் இல்லையா?

பாளையங்கோட்டையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. முன்பெல்லாம் வயதானவர்களும் மில், பட்டறைத் தொழிலாளிகளும்தான் அதிகம் வருவார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். "காதுக்குள்ள ஙொய்ன்னு ஒரு சத்தம் சார், ராத்திரி தூங்க விட மாட்டேங்கு." அவர்களில், எலக்ட்ரிக் கிடார் அலறும் ஹார்ட் ராக் என்கிற மேற்கத்திய இசைக்குப் பைத்தியங்களும் உண்டு. சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள் என்றால் பதில் தயாராக இருக்கும்: "குறைச்சா அது ராக்கே இல்ல சார்."

நானும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன்தான். அதனால் சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குவேன்.

டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு 1972-இல் வெளியிட்ட 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் கிடார் துணுக்கில் இருப்பது நாலே சுரம். அதைத்தான் ரிஃப் என்கிறார்கள். பாட்டின் ஒரு வரிகூடத் தெரியாதவனும் அதை முனகுவான். முனக எதற்கு ஆம்ப்ளிஃபயர்? குயீன் குழுவின் 'வி வில் ராக் யூ' (1977) இன்னும் மோசம்: காலால் இரண்டு மிதி, கையால் ஒரு தட்டு. ட்ரம்ஸே கிடையாது, கிடார் கடைசியில்தான் வருகிறது. ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' (1980) மூன்று கார்டை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடித்துவிட்டு இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் கேட்பவன் தலை தானாக ஆடுகிறது.

நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவிலும் அதுதானே நடக்கிறது? உருமியும் பம்பையும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டுச் சட்டென்று நடையை மாற்றும் இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வருகிறது. குழாய் ஸ்பீக்கர் கட்டாத காலத்திலும் வந்தது.

கிடாரின் அந்தக் கரகரப்பும் அப்படித்தான். கிடாரிலிருந்து வரும் மின் சிக்னலை வேண்டுமென்றே உடைக்கும்போது சுரத்தோடு ஏகப்பட்ட மேல்சுரங்கள் சேருகின்றன, ஒலியும் அமுங்கி நீண்டு நிற்கிறது. பெரும்பாலும் ஸ, ப இரண்டை மட்டும் சேர்த்து வாசிப்பதால் அத்தனை கரகரப்பிலும் குழப்பம் வராது. இதெல்லாம் பதிவிலேயே இருக்கிற குணம். மெதுவாக வைத்தாலும் அது கத்துவது போலவே கேட்கும்.

நம்பாத பையனைச் சோதனை அறைக்குள் உட்காரவைத்து, அவன் போனிலேயே அவனுக்குப் பிடித்த பாட்டைப் பாதிக்கும் கீழே வைத்துப் போடச் சொல்வேன். முதலில் முகத்தைச் சுளிப்பான். ரிஃப் மூன்றாவது முறை வருவதற்குள் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். "எது குறையுது தம்பி?" என்று கேட்டால், "பாஸ் மட்டும் கொஞ்சம் கம்மி சார்" என்பான். உண்மைதான். மெதுவான ஒலியில் கீழ்ச்சுரங்களை நம் காது குறைவாகவே வாங்கும். ஈக்வலைசரில் பாஸை ஒரு படி ஏற்றிக்கொண்டால் போதும், மொத்தச் சத்தத்தையும் ஏற்ற வேண்டாம்.

ஆனால் நம் பிள்ளைகள் அமைதியான அறையில் கேட்பதில்லை. ஜங்ஷன் போகும் பஸ்ஸில் இன்ஜின் இரைச்சல், ஹாரன், ஓட்டுநர் போட்ட பாட்டு எல்லாவற்றையும் மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுகிறார்கள். சிக்கலே அங்கேதான். வேலையிடங்களுக்கு நையோஷ் (NIOSH) என்ற அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்கும், வால்யூம் தானாக இறங்கும்.

சத்தத்தால் கெட்ட காதின் ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் என்ற உச்ச சுருதிப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். சிம்பலின் சிலிர்ப்பும் கிடாரின் கூர்மையும் அந்தப் பக்கம்தான். கொஞ்சம் யோசித்தால் எரிச்சலாக இருக்கும்: பாட்டுக்காக ஏற்றிய சத்தம் பாட்டையே தின்கிறது. ஒலியை உணரும் உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

மேடையேறியவர்களே இதற்குச் சாட்சி. த ஹூ குழுவின் கிடார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதற்கு ஸ்டூடியோ ஹெட்ஃபோன்களைக் குற்றம் சொன்னவர். ஏசி/டிசியின் பாடகர் பிரையன் ஜான்சன் டாக்டர்கள் எச்சரித்ததால் 2016-இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். பிறகு திரும்பி வந்தார், அது வேறு கதை.

கொடையிலோ கச்சேரியிலோ ஸ்பீக்கர் முன்னால் நிற்காதீர்கள். மெடிக்கலில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். வீட்டுக்கு வந்த பிறகு காது மந்தமாக இருந்தால் சிலர் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது உள்காதுக்குப் போகாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வம்புதான். காதுக்குள் இரைச்சல் மறுநாளும் நிற்கவில்லையென்றால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். அதற்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாள் தாமதமும் கணக்கில் வரும்.