அந்தப் பச்சை டிக்கை நம்புவதற்கு முன்

இந்த வாரமும் இப்படி ஒரு புகார் வந்தது. பலர் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் நூலகம், ரீட்மீயின் உச்சியில் பச்சை நிற பேட்ஜ். மெயின் பிராஞ்சை க்ளோன் செய்து புது மெஷினில் பில்டு செய்தால் கம்பைலே ஆகவில்லை. "சிஐ பாஸ் ஆகுதே" என்கிறார் பராமரிப்பவர். சிஐ என்பது, கோடு மாறும்போதெல்லாம் அதை ஒரு சர்வரில் தானாக பில்டு செய்து டெஸ்ட் ஓட்டும் ஏற்பாடு. அது ஓடியதன் பதிவான லாகைத் திறந்தேன். கம்பைல் எரர் அங்கேயே கிடக்கிறது, வரி எண்ணோடு. அதற்குக் கீழே பச்சை டிக்.

பில்டு சோதனைகளை அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. இதே உரையாடலை எத்தனை பேரோடு நடத்துவது? அதனால் எழுதியே வைக்கிறேன்.

பச்சை டிக் உங்கள் கோடு சரி என்று சொல்லவில்லை. டெஸ்ட்கள் ஓடின என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் கட்டளைகளை ஓட்டிய ஷெல், முடிவில் பூஜ்யம் என்ற எக்ஸிட் கோடைத் (பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி) திருப்பித் தந்தது என்று மட்டுமே சொல்கிறது. சிஐ சர்வர் உங்கள் லாகைப் படிப்பதில்லை. அதில் நூறு இடத்தில் 'ஃபெயில்டு' என்று இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பூஜ்யமா, பூஜ்யம் இல்லையா, அவ்வளவுதான் அதன் கேள்வி. இதைப் புரிந்துகொள்ளாமல், சிஐ படிகளை எழுதும் யாமல் ஃபைலை இணையத்திலிருந்து காப்பி அடித்து ஒட்டுவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

மேலே சொன்ன நூலகத்தில் நடந்தது இதுதான். பில்டு செய்யும் மேக் கட்டளையின் வெளியீட்டை ஃபைலிலும் சேமிக்க வேண்டும் என்று யாரோ அதை, வந்ததைத் திரையிலும் ஃபைலிலும் எழுதும் 'டீ' கட்டளைக்கு பைப் செய்திருக்கிறார்கள், அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டியிருக்கிறார்கள். பைப்பில் எக்ஸிட் கோடு கடைசிக் கட்டளையுடையது. மேக் தோற்றது, ஆனால் டீ தன் வேலையை ஒழுங்காக முடித்தது. எனவே பூஜ்யம், எனவே பச்சை. பாஷ் ஷெல்லில், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' அமைப்பை ஆன் செய்திருந்தால் அன்றே சிவந்திருக்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப் தளத்தின் சொந்த சிஐ) இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. லினக்ஸில் ஷெல் எது என்று நீங்கள் எழுதாவிட்டாலும் பாஷ்தான் ஓடும், ஆனால் பைப்ஃபெயில் இல்லாமல். 'ஷெல்: பாஷ்' என்று வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலோடு ஓடும். அதே பாஷ், வேறு நடத்தை. ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

அப்புறம் 'தற்காலிகமாக' என்று சேர்க்கும் வரிகள். கட்டளைக்குப் பின்னால் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு 'ட்ரூ' என்று எழுதுவது, 'கன்டினியூ ஆன் எரர்' போடுவது. இரண்டிலும் கட்டளை தோற்றாலும் பச்சையாகவே முடியும். காவலுக்கு வைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு, ராத்திரி குரைக்கவே இல்லை என்று நிம்மதியாகத் தூங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு டெஸ்ட் தொல்லை கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் காரணம் எழுதி ஸ்கிப் செய்யுங்கள், அதற்கு ஒரு இஷ்யூவும் திறந்து வையுங்கள். மொத்த ஜாபின் (படிகளின் தொகுப்பின்) வாயையும் அடைக்காதீர்கள்.

டெஸ்ட்களே ஓடாமல் பச்சையாவதும் சகஜம். ஃபோல்டரின் பெயரை மாற்றியிருப்பார்கள், சிஐ பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்காவிட்டால் பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட் 5 என்ற எக்ஸிட் கோடோடு தோற்கும், நல்ல பிள்ளை. கோ மொழியின் டெஸ்ட் கட்டளை 'டெஸ்ட் ஃபைல்கள் இல்லை' என்று எழுதிவிட்டு பூஜ்யம் தரும். கிட்ஹப்பில் 'இஃப்' நிபந்தனையால் ஸ்கிப் ஆன ஜாப், வெற்றி என்றே கணக்கில் வரும். அது கட்டாய செக் என்று நீங்கள் குறித்து வைத்திருந்தாலும் மெர்ஜைத் தடுக்காது.

ஆகவே சிஐ அமைத்ததும் முதல் வேலை, அதை உடைத்துப் பார்ப்பது. தனி பிராஞ்சில் ஒரு டெஸ்டை வேண்டுமென்றே பொய்யாக்கி புஷ் செய்யுங்கள். சிவக்கிறதா? அடுத்து ஒரு செமிகோலனைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். லாகில் எத்தனை டெஸ்ட் ஓடியது என்ற எண்ணையும், உங்கள் மெஷினில் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். சிவப்பைக் கண்ணால் பார்க்காத வரை அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை.

பதிப்புகளைப் பட்டியலிடும்போது மேற்கோள் குறி போடுங்கள், தயவுசெய்து. பைத்தான் 3.10 என்று வெறுமனே எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும். சிஐ மெஷினின் இயங்குதளப் பதிப்பைக் குறிக்காத 'லேட்டஸ்ட்' இமேஜை நம்பி ரிலீஸ் செய்யாதீர்கள். உபுண்டு லேட்டஸ்ட் என்பது 22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மாறியபோது, ஒரு வரி கோடும் மாறாமலே பில்டு உடைந்த ப்ராஜெக்ட்கள் உண்டு. டைம்அவுட் போடுங்கள், கிட்ஹப்பில் இயல்பாக இருப்பது 360 நிமிடம், தொங்கிப்போன டெஸ்ட் ஆறு மணி நேரம் மெஷினைப் பிடித்து வைத்திருக்கும்.

இனி வருவதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெளியாரின் ஃபோர்க்கிலிருந்து (அவர் எடுத்த நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) என்பது முன்பின் தெரியாதவர் எழுதிய நிரல். அதை பில்டு செய்வது என்றால் அவர் எழுதியதை ஓட்டுவது. சாதாரண 'புல் ரிக்வெஸ்ட்' நிகழ்வில் அதற்கு உங்கள் ரகசியச் சாவிகள் கிடைக்காது. 'டோக்கன் இல்லை என்று எரர் வருகிறது' என்று அதை, ரகசியங்கள் கிடைக்கும் 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என மாற்றி, அங்கேயே அவருடைய கோடையும் செக்அவுட் செய்து ஓட்டினால் சாவிக்கொத்தை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். இதைத் தீர்வு என்று பரிந்துரைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பிறர் எழுதிய ஆக்‌ஷன்களும் (யாமலில் ஒரு படியாகச் சேர்க்கும் ஆயத்த நிரல்கள்) அப்படியே. 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' குழுவின் 'சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' தாக்கப்பட்டது. பழைய பதிப்புகளைக் குறிக்கும் டேக் என்ற பெயர்களையே விஷமக் கமிட்டுக்குத் (பதிவான மாற்றத்துக்குத்) திருப்பிவிட்டார்கள்; பயன்படுத்தியவர்களின் ரகசியங்கள் பில்டு லாகில் கொட்டின. பப்ளிக் ரெப்போ (கோடு இருக்கும் இடம்) என்றால் அந்த லாகை யாரும் படிக்கலாம். டேக்கை நகர்த்த முடியும், அந்தந்தக் கமிட்டுக்கே உரிய, 40 எழுத்துள்ள முழு கமிட் ஹாஷை நகர்த்த முடியாது. ஹாஷை எழுதுங்கள். டோக்கனுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், எழுதும் அனுமதி தேவைப்படும் ஜாபுக்குத் தனியாகக் கொடுக்கலாம்.

கடைசியாக, பில்டு படிகளை யாமலுக்குள் அடைக்காமல் ரெப்போவில் ஒரு ஸ்கிரிப்டாக வையுங்கள், யாமல் அதை அழைத்தால் போதும். டிராவிஸ் சிஐ என்ற சேவை 2020 நவம்பரில் கட்டண முறையை மாற்றியபோது ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்கள் பல இடம் மாற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அதன் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்தவர்கள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஸ்கிரிப்டாக இருந்தால் புதிதாகப் பங்களிக்க வருபவரும் புஷ் செய்யும் முன்பே தன் மெஷினில் அதை ஓட்டிப் பார்த்துவிடலாம்.