மட் நிரலை மூலத்திலிருந்து கட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது?

லினக்ஸில் ஒரு நிரலை மூலநிரலிலிருந்து (மனிதர் எழுதிய நிரல்வரிகளிலிருந்து) கட்டி நிறுவ மூன்று கட்டளைகள் போதும் என்று கையேடுகள் சொல்லும்: கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். உண்மைதான், மூன்றையும் அடித்தால் பெரும்பாலும் நிரல் வந்துவிடும். ஆனால் அந்த நிரலால் என்னென்ன செய்ய முடியும் என்பது முதல் கட்டளையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மற்ற இரண்டும் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுபவை. இதைப் புரிந்துகொள்ள மட் மின்னஞ்சல் நிரலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மட், டெர்மினலில் வெறும் எழுத்துகளாலேயே இயங்கும் மின்னஞ்சல் நிரல். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் சி மொழியில் எழுதத் தொடங்கியது. மவுஸ் தேவையில்லை, எல்லாமே விசைகள்தான். அஞ்சல் எழுத அது தனக்கென்று ஒரு எடிட்டர் வைத்துக்கொள்வதில்லை. விம், நானோ என்று நீங்கள் சொல்வதைத் திறக்கும். ஹெச்டிஎம்எல் அஞ்சலையும் தானே வரைந்து காட்டாது, வேறொரு நிரலிடம் கொடுத்து எழுத்தாக மாற்றி வாங்கிக்கொள்ளும். அஞ்சலைத் திறந்ததைக் கண்காணிக்கச் சிலர் செருகும் கண்ணுக்குத் தெரியாத படங்கள் இங்கே தரவிறங்குவதே இல்லை. எனக்கு மட் பிடித்துப்போக இதுவே முக்கியக் காரணம்.

மூலநிரல் ஒரே சுருக்கப்பட்ட டார் கோப்பாகக் கிடைக்கிறது, பக்கத்திலேயே ஒரு கையொப்பக் கோப்பும் இருக்கும். ஜிபிஜி என்ற குறியாக்கக் கருவி மூலம் அதைச் சரிபார்த்தால், இந்தக் கோப்பு மட் பராமரிப்பாளரின் திறவுகோலால் கையொப்பமிடப்பட்டதுதான், வழியில் யாரும் மாற்றவில்லை என்பது உறுதியாகும். இதைத் தவிர்க்கவே கூடாது. அதே சமயம் கையொப்பம் எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, தரவைச் சுருக்கும் லைப்ரரியின் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பின்) 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருப்பது அம்பலமானது. அதைச் செருகியது பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்றிருந்த ஒருவர், எனவே கையொப்பம் சரியாகவே இருந்தது. கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்டில் (கட்டளைத் தொகுப்பில்) வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் சில வரிகள் கூடுதலாக இருந்தன. பொதுவில் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் அவை இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளியே வந்தது. கன்ஃபிகர் என்பதும் உங்கள் கணினியில் உங்கள் அனுமதியோடு ஓடும் நிரல்தான் என்பதை அந்தச் சம்பவம் உறைக்கும்படி காட்டியது.

சரி, அந்தக் கன்ஃபிகர் என்னதான் செய்கிறது? பல ஆயிரம் வரிகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்ட் அது. யாரும் அதைக் கையால் எழுதுவதில்லை. 1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்ற கருவி எழுதித் தருகிறது. ஓடும்போது திரையில் சரசரவென்று வரிகள் போகும்: இது இருக்கிறதா, ஆம், அது இருக்கிறதா, இல்லை. இந்தச் சோதனைகள் நடக்கும் விதம் அழகானது. குறிப்பிட்ட ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) உங்கள் கணினியில் உண்டா என்று அறிய, கன்ஃபிகர் எந்தப் பட்டியலையும் நம்பாது. அந்தச் செயற்கூற்றை அழைக்கும் சில வரி சி நிரலை அங்கேயே எழுதி, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கும். கம்பைல் ஆகி லைப்ரரியோடு இணைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெயரையோ பதிப்பு எண்ணையோ பார்த்து ஊகிக்காமல் செய்து பார்த்தே முடிவெடுப்பதால்தான், ஒரே மூலநிரலை லினக்ஸ், பிஎஸ்டி, மேக்ஓஎஸ் மூன்றிலும் கட்ட முடிகிறது. முடிவுகள் எல்லாம் கன்ஃபிக் ஹெடர் கோப்பிலும், மேக் கட்டளை படிக்கும் மேக்ஃபைலிலும் பதிவாகும்.

புதிதாகக் கட்டுபவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் லைப்ரரி நிறுவியிருக்கிறது, அதைப் பயன்படுத்தும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆனாலும் கன்ஃபிகர் ‘இல்லை’ என்கிறது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் ஒரு லைப்ரரி இரண்டு பொதிகளாக (பேக்கேஜ்களாக) வரும். ஓடுவதற்கு வேண்டிய பகுதி ஒன்று, கட்டுவதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் இன்னொன்று. ஹெடர் ஒரு புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி; லைப்ரரிக்குள் என்னென்ன செயற்கூறுகள் உண்டு, ஒவ்வொன்றையும் எப்படி அழைக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும். பெயர் ‘டெவ்’ என்று முடியும் பொதியை நிறுவினால் பிரச்சினை தீரும்.

இப்போது மட்டின் விசேஷத்துக்கு வருவோம். எந்தத் தெரிவும் கொடுக்காமல் கன்ஃபிகர் ஓட்டினால் வேலை ஒழுங்காக முடியும், மட் நிரலும் கட்டப்பட்டுவிடும், பிழை என்று ஒரு வரிகூட வராது. ஆனால் அந்த மட்டால் உங்கள் அஞ்சல் செர்வரோடு பேச முடியாது! அஞ்சலை எடுக்கும் ஐமேப், பாப் நெறிமுறைகள், அனுப்பும் எஸ்எம்டிபி எல்லாமே கேட்டால்தான் சேர்க்கப்படும். ‘எனேபிள் ஐமேப்’, ‘எனேபிள் எஸ்எம்டிபி’ என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். குறியாக்கத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் அல்லது க்னுடிஎல்எஸ் லைப்ரரி. கடவுச்சொல் சரிபார்க்கும் முறைகளுக்கு சாஸில் லைப்ரரி. பெரிய அஞ்சல்பெட்டி வேகமாகத் திறக்கத் தலைப்புகளைச் சேமித்துவைக்கும் ஹெச்கேஷ். சொல்லாதவை மூலநிரலில் அப்படியே இருக்கும், ஆனால் கம்பைலர் அவற்றைப் பார்க்கவே பார்க்காது. ஐமேப் நிரல்கள் இருக்கும் கோப்பகத்தையே மேக் தாண்டிப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டை நான் குறையாக எண்ணவில்லை. செர்வரிலேயே உட்கார்ந்து உள்ளூர் அஞ்சல் மட்டும் படிப்பவருக்கு நெட்வொர்க் நிரல்கள் தேவையில்லை. இல்லாத நிரலில் பாதுகாப்பு ஓட்டையும் இருக்காது.

தமிழ் அஞ்சல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்தது, எனவே 6 பைட். பல பைட்டுகளை ஒரே எழுத்தாகக் கையாள என்கர்சஸின் அகல எழுத்து வடிவம் வேண்டும். அதன் பெயரில் கடைசியாக ஒரு டபிள்யூ இருக்கும். அது கிடைக்காமல் கட்டிவிட்டாலோ, கணினியின் லொக்கேல் (மொழி, எழுத்துமுறை) அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டாலோ, மகரம் இருக்க வேண்டிய இடத்தில் 340, 256, 256 என்று அதன் பைட்டுகள் எட்டடிமான எண்களாக வந்து நிற்கும். எழுத்துரு மேல் பழி போடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது மேக். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய கருவி. ஒவ்வொரு சி கோப்பையும் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து ஒரே நிரலாக்கும். மூலம் எப்போது திருத்தப்பட்டது, ஆப்ஜெக்ட் எப்போது உருவானது என்று நேரத்தை ஒப்பிட்டு, பழையதாகிப்போனவற்றை மட்டும் மறுபடி கட்டும். மட் சின்ன நிரல், இன்றைய கணினியில் சீக்கிரமே முடிந்துவிடும்.

நிறுவுவது வெறும் நகல் எடுக்கும் வேலை. கன்ஃபிகரில் ‘ப்ரிஃபிக்ஸ்’ சொல்லாவிட்டால் யூஎஸ்ஆர் கோப்பகத்தின் கீழுள்ள லோக்கலுக்குப் போகும், அதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். மட்டுக்கென்றே ஒரு தனிக் கோப்பகத்தை ப்ரிஃபிக்ஸாகக் கொடுப்பது என் பரிந்துரை. வேண்டாம் என்றால் அந்தக் கோப்பகத்தை நீக்கினால் போதும். பொதிகளை நிறுவி நீக்கும் பொதி மேலாளர் நிரலுக்கு நீங்கள் நிறுவியது எதுவும் தெரியாது என்பதால் அதன் உதவி கிடைக்காது.

புதுப்பிப்பும் அப்படித்தான், அது உங்கள் பொறுப்பு. ஆனால் முழுப் பொறுப்பும் இல்லை. மட் தன் லைப்ரரிகளைத் தனக்குள் விழுங்கிக்கொள்வதில்லை, தொடங்கும்போது கணினியில் இருப்பவற்றோடு இணைந்துகொள்கிறது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது அதைப் புதுப்பித்து நிரல்களை மறுபடி தொடங்கினாலே போதும் என்றிருந்ததற்கு இந்த இணைப்பு முறைதான் காரணம். மறுபக்கமும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-இலிருந்து 3-க்கு மாறியபோது லைப்ரரி கோப்பின் பெயரே மாறிற்று. பழைய கோப்பு கணினியிலிருந்து போனதும், அதைத் தேடும் மட் தொடங்காமலே நின்றுவிடும். அப்போது மறுபடி கட்டியாக வேண்டும். முன்பு என்னென்ன தெரிவுகள் கொடுத்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஓடுகிற மட்டிடம் ‘வி’ தெரிவோடு கேட்டால், சேர்ந்தவற்றைக் கூட்டல் குறியோடும் சேராதவற்றைக் கழித்தல் குறியோடும் காட்டி, கன்ஃபிகருக்குக் கொடுத்த தெரிவுகளையும் சேர்த்துச் சொல்லும். அது ஓட மறுத்தாலும், கட்டிய கோப்பகத்திலுள்ள கன்ஃபிக் லாக் கோப்பின் தொடக்கத்தில் அந்தக் கட்டளை முழுசாக இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டலாம்.