ரிவியூ: விமர்சனமா, மதிப்புரையா?

மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா மகன் புதுசாக ஒரு வீடியோ கேம் வெளியானால் முதலில் கேட்பது, "மாமா, ரிவியூ வந்துடுச்சா?" தமிழில் சொல்லச் சொன்னால் "விமர்சனம்" என்பான். அதே பையன், மதிப்பெண் குறைந்ததற்கு அம்மா ஏதாவது சொன்னால், "சும்மா விமர்சனம் பண்ணாதம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு இடத்தில் அவன் ஆவலாகத் தேடுவது, இன்னொரு இடத்தில் வெறும் குறைசொல்லாகிவிடுகிறது.

ரிவியூ என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அடியில் இருப்பது லத்தீன்: 'ரெ' என்றால் மறுபடி, 'விதேரே' என்றால் பார்த்தல். விமர்சனம் வடமொழிச் சொல். அதன் வேருக்குத் தொடுதல், தொட்டு ஆராய்தல் என்று பொருள். பழி என்ற வாடை அதில் கிடையாது, நம் புழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். தூற்றுதலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. களத்தில் முறத்தை உயர்த்தி நெல்லைக் காற்றில் விட்டால் பதர் பறக்கும், மணி காலடியில் குவியும். அதுவும் தூற்றுதல், ஒருவர்மேல் பழி சொல்வதும் தூற்றுதல். ஆங்கிலத்தின் 'கிரிட்டிக்' என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்க வினைக்கும் பிரித்தெடுத்தல் என்பதே பொருள் என்று படித்தபோது எனக்குக் களத்துமேடுதான் கண்ணில் வந்தது.

சரி, எந்தச் சொல்லைப் புழங்கலாம்? என் தேர்வு மதிப்புரை. புத்தகங்களுக்கு ஏற்கெனவே பழகிய சொல், ஆட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். 'மதி' என்ற வினைக்கு அளவிடுதல், கணித்தல் என்று பொருள். டெல்டாவில் அறுப்புக்கு முன்னால் வரப்பில் நின்று கதிரைப் பார்த்து, "ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை தேறும்" என்பார்கள். அது மதிப்பு. அடித்துத் தூற்றி அளந்த பிறகு கிடைப்பது கண்டுமுதல். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சைபர்பங்க் 2077 என்ற ஆட்டத்துக்கு அப்படித்தான் ஆனது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. முன்கூட்டியே எழுதியவர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது, பாராட்டும் குவிந்தது. சோனியின் ஆட்டக் கருவியான பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டால் ஆட்டம் திணறியது, பாதியில் நின்றது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. வாய்க்கால் ஓரத்து வயலை மட்டும் காட்டி, மேட்டு வயலுக்கும் சேர்த்து மதிப்பு கேட்ட மாதிரி. நோ மேன்ஸ் ஸ்கை என்ற ஆட்டம் இதற்கு எதிர்ப்பக்கம்: 2016இல் வந்தபோது கடுமையாகத் திட்டு வாங்கியது, பல வருட மேம்படுத்தல்களுக்குப் பிறகு நல்ல பெயர் எடுத்தது. அதனால்தான், எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை, எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று எழுதாத மதிப்புரையை நான் நம்புவதில்லை.

மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் பல இதழ்களின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு ஓர் எண்ணாகக் காட்டுகிறது. ஆட்டங்களுக்கு 75 தொட்டால் பச்சை நிறம். அது மதிப்பெண், அதில் உரை இல்லை. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆடியவர்கள் பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே பலர் ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைப் பரிந்துரை என்றே சொல்லலாம்.

அப்புறம் திறனாய்வு. நல்ல சொல்தான், ஆனால் வெளியான வாரத்தில் எழுதுவதற்கு அது கனம். ஓர் ஆட்டம் வந்து சில வருடம் கழித்து, அதன் கதை, வடிவமைப்பு, பின்னால் வந்தவற்றின்மேல் அதன் தாக்கம் என்று நிதானமாக எழுதுவதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் வெளியிட்ட காட்சிகளை மட்டும் பார்த்து எழுதுவது முன்னோட்டம். அதற்கு மேலே மதிப்புரை என்று தலைப்பு வைப்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.