ஜெனரேட்டர் ஓடும்போதும் கோழி சாகும்

ஆலங்குளம் பக்கமும் வள்ளியூர், இராதாபுரம் பக்கமும் கோழிக் கொட்டகைகளுக்கு மின் பேனல் கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். புதிதாக மூடிய கொட்டகை போடுகிறவரிடம் “காப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால், பெருமையோடு ஜெனரேட்டரைக் காட்டுவார். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு அது நல்ல பதில்தான். கரண்ட் இருக்கும்போதே, சூட்டைப் பார்த்து ஃபேனையும் ஹீட்டரையும் தானே ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்குப் பெரும்பாலான பண்ணைகளில் பதிலே இல்லை.

பழைய திறந்த கொட்டகையில் படுதாவை இறக்கிவிட்டால் காற்று தானே வரும். மூடிய கொட்டகையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு முனையில் கூலிங் பேட், மறுமுனையில் ஃபேன்கள்; ஃபேன் இழுத்தால்தான் காற்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் உடல் வெப்பமே 41 டிகிரி. பிடிக்கிற பருவத்துக் கோழிகள் நிறைந்த கொட்டகையில், அக்னி நட்சத்திர மதியத்தில் எல்லா ஃபேனும் நின்றால், ஆள் தேடிப் பிடித்து வருவதற்குள் சாவு தொடங்கிவிடும்.

இரண்டு கோடைகளுக்கு முன் நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு பண்ணையிலிருந்து அழைப்பு. “அண்ணாச்சி, லைட் எரிகிறது, கன்ட்ரோலரும் எரிகிறது, ஃபேன் மட்டும் ஒன்றுகூட ஓடவில்லை” என்றார். பேனல் ஸ்விட்சைக் கன்ட்ரோலர் ஓட்டும் ‘ஆட்டோ’விலிருந்து ‘நேரடி’க்குத் திருப்புங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். சென்சார் கம்பியை எலி கடித்திருந்தது. இந்தச் சென்சார்களில் பெரும்பாலானவை சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. கம்பி அறுந்தால் தடைக்கு எல்லையில்லை. கன்ட்ரோலர் அதைக் கடுங்குளிர் என்று படித்துக்கொள்ளும். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அது குளிர் என்று நம்பி ஃபேனை நிறுத்துகிறது. ஹீட்டரும் இணைந்திருந்தால் அதையும் போட்டுவிடும். நல்ல கன்ட்ரோலர் சென்சார் கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டும். காட்டிவிட்டு ஃபேனை ஓட்டுமா நிறுத்துமா என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் கேளுங்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

எலி மட்டுமா? ஐப்பசி இடியில் கன்ட்ரோலரின் உள்பலகை கருகும். பேனலுக்குள் பல்லி புகுந்து தானும் செத்து ஃபியூசையும் கொண்டுபோகும். கன்ட்ரோலரின் கட்டளைப்படி மின்சாரத்தை இணைக்கும் ரிலேயின் முனைகளுக்கு நடுவே எறும்பு அடைத்துக்கொள்ளும். இவை எதற்கும் ஜெனரேட்டர் உதவாது.

இதற்குக் காப்பு, சில்லு எதுவும் இல்லாத சாதாரண மெக்கானிக்கல் தெர்மோஸ்டாட்; வைத்த சூட்டு அளவில் தானே மாறும் ஸ்விட்ச் அது. கன்ட்ரோலரின் ரிலேவுக்கு இணையாக, ஃபேனுக்கு மின்சாரம் விடும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரின் சுருளுக்கு நேராக இணைக்க வேண்டும். கன்ட்ரோலர் சொன்னாலும் ஃபேன் ஓடும், தெர்மோஸ்டாட் சொன்னாலும் ஓடும். தெர்மோஸ்டாட்டுக்கான மின்சாரம் தனி எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) வழியாக வர வேண்டும். கன்ட்ரோலரின் எம்.சி.பி.யிலிருந்தே எடுத்தால், அது விழும்போது இரண்டும் சேர்ந்து சாகும். சிக்கனம் பார்த்து இப்படித்தான் பல இடங்களில் கட்டியிருக்கிறார்கள். ஒரே தெர்மோஸ்டாட்டில் எல்லா ஃபேனையும் மாட்டாதீர்கள். இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒரு டிகிரி இடைவெளி விட்டு வைத்தால் ஜெனரேட்டரும் ஒரே அடியில் திணறாது. கோழியின் உயரத்துக்குச் சற்று மேலே, கூலிங் பேடின் ஈரமும் குஞ்சுக்குச் சூடு தரும் புரூடரின் அனலும் நேரடியாகப் படாத இடத்தில் தொங்க வேண்டும்.

எத்தனை டிகிரியில் வைப்பது என்பதில்தான் சண்டை. கன்ட்ரோலரின் அளவுக்கு மூன்று டிகிரி மேலே என்பது என் வழக்கம். கோழி வளர வளரக் கன்ட்ரோலர் தன் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். போன பேட்ச்சின் கடைசி வாரத்து அளவிலேயே விட்டுவிட்டுப் புதுக்குஞ்சு இறக்கினால், 32, 33 டிகிரி வேண்டிய குஞ்சுமீது காப்பு ஃபேன் காற்றை அடிக்கும். அதில் எரிச்சலடைந்து காப்பையே கழற்றிப் போட்டவர்கள் உண்டு. தீவனக் கணக்கு எழுதும் அட்டையிலேயே இதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டால் மறக்காது.

சூட்டுப் பக்கத்துக்கு இரண்டு காப்பு வேண்டும். ஹீட்டர் வராமல் போனால் கொண்டுவர ஒரு தெர்மோஸ்டாட் இணையாக; நிற்காமல் போனால் நிறுத்த இன்னொன்று தொடராக, அதுவும் தனிக் கான்டாக்டரில். ரிலே முனை ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் என்ன கட்டளையிட்டாலும் ஹீட்டர் கேட்காது. மார்கழி இரவுக்குக் கரி அடுப்பைக் காப்பாக வைத்திருப்பவர்கள் கொட்டகையை முழுக்க அடைத்துவிடக் கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் பனை மட்டை கம்பியில் விழுந்து மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் போகும். மோட்டார் எரியாமலிருக்கப் பேனலில் உள்ள சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ஃபேன்களை நிறுத்தும். அது செய்வது சரிதான். ஆனால் கன்ட்ரோலர் நல்ல ஃபேஸில் இருந்தால் எல்லாம் ஓடுவதாகவே திரையில் காட்டும். ஜெனரேட்டரின் தானியங்கிப் பேனல் அந்த நல்ல ஃபேஸை மட்டும் கவனித்தால் அதுவும் தூங்கும். மூன்று ஃபேஸையும் கவனிக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.

அலாரமும் கன்ட்ரோலருக்குள்ளேயே இருந்தால் அது காப்பாகாது. தனிச் சென்சார், தனி பேட்டரி, இணைப்பு விட்டுப்போனாலே அலறும்படியான வயரிங் வேண்டும். போனுக்கு அழைக்கும் கருவியென்றால் அதன் சிம் ரீசார்ஜ் யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் சிக்னலே பல ஊர்களில் போய்விட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்த நாட்கள் அவை. சத்தமாக அலறும் ஒரு சைரன் கட்டாயம் இருக்கட்டும்.

குஞ்சு இறக்குவதற்கு முந்தின நாள், காலிக் கொட்டகையில் கன்ட்ரோலரின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டை உள்ளே இருக்கும் சூட்டுக்குக் கீழே திருப்பிப் பாருங்கள். ஃபேன் ஓட வேண்டும், சைரன் ஒலிக்க வேண்டும். பிறகு அளவைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். ஜெனரேட்டர் பேட்டரியையும் அப்போதே பார்த்துவிடலாம். ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம்.

பேனலில் எந்த ஸ்விட்சை எந்தப் பக்கம் திருப்பினால் ஃபேன் நேரடியாக ஓடும் என்பதைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இரவில் கொட்டகையில் படுப்பவர் ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ என்றால் அவர் படிக்கிற மொழியிலும் எழுதுங்கள். முதலாளியைக் கேட்காமல் அதைத் திருப்ப அவருக்கு உரிமை உண்டு என்று வாயாலும் சொல்லிவையுங்கள்.